இரண்டு குத்து, ஓர் அடி

நவம்பர் 21

ஏரியில் நாணலுக்குள் மட்டும் பாலாடை மாதிரி ஒரு ஐஸ் படலம். கல்லை விட்டெறிந்தேன், பொத்துக்கொண்டு போனது.

நவம்பர் 23

காற்று நிற்கவே இல்லை. ஏரி முழுதும் 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் மேல்தண்ணீர் அதற்கும் கீழே குளிர்ந்து, கனம் குறைந்து, மேலேயே தங்கும். அதையும் இந்தக் காற்று கலக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. அண்ணன் போன் செய்யவில்லை.

நவம்பர் 25

மூடிவிட்டது! ராத்திரி காற்று அடங்கி மைனஸ் 12. விடிந்தால் கரையிலிருந்து கரைக்குக் கண்ணாடி. கரை நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அப்பால் மட்டும் உறையாமல் ஒரே ஒரு கறுப்பு வட்டம், அதில் வாத்துகள்.

நவம்பர் 28

முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவில்லை. கடப்பாரை ஒரே குத்தில் இறங்கியது. ஐஸ் 5 செ.மீ. கடப்பாரைக்கு நீலக்கயிறு நான்தான் கட்டினேன். அண்ணன் கட்டாமல் வைத்திருந்தான்.

நவம்பர் 29

ஐஸ் மேல் மீன் பிடிக்க எப்போது போகலாம் என்று மச்சினன் இன்று மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டான்.

டிசம்பர் 1

கிளம்பினோம். லைப் ஜாக்கெட் மேலே, கழுத்தில் கூர்முனைக் கைப்பிடிகள், அவன் எனக்குப் பத்தடி பின்னால். இரண்டு குத்து, ஓர் அடி. நல்ல ஐஸ் 'ணங்' என்று திருப்பிச் சொல்லும், கையில் அதிரும். கெட்டது 'பொத்' என்று விழுங்கிக்கொள்ளும். முப்பது தப்படிக்கு ஒரு துளை: 11, 11, 10. நடக்க 10 போதும், அதுவும் தெளிந்த ஐஸ் என்றால். நான்காவது துளை 7. நடுவில் எந்த அடையாளமும் கிடையாது, அதே நிறம், அதே வழவழப்பு. துளைக்குள் எட்டிப் பார்த்தேன். பாசியிலிருந்து குமிழிகள் வரிசையாக ஏறி வந்து ஐஸின் அடியில் காசு காசாக ஒட்டியிருந்தன. கீழே அழுகிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே மெலிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

"அத்தான், ஏழு தாங்காதா?" என்றான்.

"தாங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். இந்த 'லாம்' இருக்கிறதே.

டிசம்பர் 2

ராத்திரி முழுக்க ஏரி முழங்கியது. தூரத்தில் யாரோ நீளக் கம்பியை அடித்துவிட்டு ஓடுகிற மாதிரி. குளிர் ஏறும்போது ஐஸ் சுருங்கி வெடிப்பு விடும் சத்தம்தான், அதற்காக உடையப்போகிறது என்று அர்த்தமில்லை. தெரியும். தூங்கவில்லை.

டிசம்பர் 4

பனி கொட்டுகிறது. ஒரு சாண் இருக்கும். பார்க்க அழகு, ஏரிக்குக் கம்பளி. குளிர் உள்ளே இறங்காது, ஐஸ் வளராது. போதாததற்கு எடை வேறு.

டிசம்பர் 5

அவன் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். மீன் போதாதாம், கூடாரம், அடுப்பு, நாற்காலி எல்லாம் வண்டியில் ஏற்றிப் போக வேண்டுமாம். சரி என்று காகிதத்தை எடுத்தேன். கனடாக்காரர் லோர்ன் கோல்டு 1971இல் எழுதிய கணக்கு: தாங்கும் எடை கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செ.மீ.யைத் தன்னாலேயே பெருக்கி, அதை 4ஆல் பெருக்கினால் கிலோ. 10க்கு 400. 20க்கு 1,600. வண்டி 2,500, அப்படியானால் 25. நாங்கள் இருவரும் சாமானும் ஏறினால் 2,700, அதாவது 26. இதெல்லாம் தெளிந்த ஐஸுக்கு. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை போடுகிறவர்கள் பிக்கப்புக்கு 12 அங்குலத்துக்கு மேல் கேட்கிறார்கள், 30 செ.மீ. தாண்டும். அவன் 26ஐப் பிடித்துக்கொண்டான். நான் 30ஐப் பிடித்துக்கொண்டேன். முனைப் பக்கம் எத்தனை என்று இருவருமே கேட்கவில்லை.

டிசம்பர் 7

பனியின் பாரத்தில் ஐஸ் தாழ்ந்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே வந்துவிட்டது. பூட்ஸ் முழுக்கச் சொதசொத. ஐஸ் 15, எரிச்சல்.

டிசம்பர் 9

காற்று பனியை வாரிக்கொண்டு போய்விட்டது. மைனஸ் 22. பத்து நிமிடத்தில் மூன்று மீன்! தூண்டில் நுனி லேசாகத் தலையாட்டியதும் அவன் குழந்தை மாதிரி கத்தினான். இன்று எனக்கு யார்மேலும் கோபமில்லை.

டிசம்பர் 11

துளையிலிருந்து ஒரு கட்டியை வெட்டியெடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மேலே 4 செ.மீ. பால்வெள்ளை, அந்தச் சொதசொதப்பு உறைந்தது. கீழே 18, நீலம், ஊடே விரல் தெரிகிறது. வெள்ளையைப் பாதியாகத்தான் எண்ண வேண்டும். ஆக 20. அவன் டேப்பை வைத்துக்கொண்டு 22, 22 என்கிறான்.

டிசம்பர் 12

சண்டை. விழுந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். மனிடோபா பல்கலைக்கழகத்துக் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1: மூச்சு வசத்துக்கு வர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். வந்த பக்கமே திரும்பு, அந்த ஐஸ்தான் உன்னைத் தாங்கியது. கூர்முனையைக் குத்தி, காலை உதைத்து ஏறு. எழுந்து நிற்காதே, உருண்டு வா. வண்டி என்றால் கண்ணாடி இறக்கி, பெல்ட் கழற்றி, ஆள் நடக்கிற வேகம். வேகமாகப் போனால் ஐஸுக்கு அடியில் அலை எழும்பி முன்னால் ஓடும். நிறுத்தினால் பக்கத்தில் ஒரு துளை போட்டு வை, தண்ணீர் பொங்கி மேலே வந்தால் ஐஸ் தொய்கிறது, எடுத்துவிடு.

"இவ்வளவு தெரிஞ்சும் உங்களுக்கு ஏன் அத்தான் இவ்வளவு பயம்?"

பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 13

வாத்துகள் அங்கேயேதான் இருக்கின்றன.

டிசம்பர் 15

26. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாத்துகளைப் பார்த்தேன்.

டிசம்பர் 16

வாத்துகள் இல்லை. வட்டமும் இல்லை, மூடியிருக்கிறது. மேலே புதுப்பனி பூசி எல்லாம் ஒரே வெள்ளை. திறந்திருந்தபோதே நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 17

அண்ணன் போன். நலமா கிலமா ஒன்றும் இல்லை.

"முனைப் பக்கம் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"கயிறு கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வைத்துவிட்டான்.

டிசம்பர் 18

நடுவில் 29. வண்டி கரையில். முனைக்கு நடந்து போகிறோம், கடப்பாரை என்னிடம், நீளக்கயிறு அவனிடம்.