யோசெமிட்டியில் ஃபாயில் பொட்டலச் சமையல்

கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில், அப்பர் பைன்ஸ் முகாமில் கூடாரம் போட்டால் இரவுச் சமையலை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. புகை தேங்கக் கூடாது என்பதற்காக மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் விறகும் கரியும் எரிக்க அனுமதி. கீழே கிடக்கும் சுள்ளியையும் பொறுக்கக் கூடாது, விறகைக் கடையில்தான் வாங்க வேண்டும். அப்புறம் கரடி. சாப்பாடு, சோப்பு, பற்பசை என்று வாசனை வரும் எதையும் அங்கேயே வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுத் தாழிட வேண்டும், காரில் விட்டால் கரடி கதவையே பிய்த்துவிடும்.

அதனால்தான் இந்த முறை மீனையும் காய்கறியையும் அலுமினிய ஃபாயிலில் (மெல்லிய தகட்டுத் தாளில்) பொட்டலம் கட்டி கிரில்லில் வைப்பது என்று முடிவு செய்தோம். கழுவப் பாத்திரமே இல்லை, மீன் வாசனையோடு ஒரு சட்டியை இரவில் எங்கே வைப்பது என்ற கவலையும் இல்லை. அமெரிக்கச் சாரணர் பிள்ளைகள் முகாம்களில் காலங்காலமாகச் செய்வதுதான் இது, அவர்கள் கொத்துக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் வைத்துக் கட்டுவார்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார், அவருக்கு எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். பொட்டலத்துக்குள் மீனும் காயும் தம் சொந்த நீரின் ஆவியிலேயே வேகின்றன, ஒரு பொட்டலத்துக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். கொழுப்பு தணலில் சொட்டிக் கரும்புகையாகி மீன்மேல் படிவதும் இல்லை, உடம்புக்கு அதுவே பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

சால்மன் துண்டுகளில் மிளகு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் உப்பு தடவி, அடியில் வெங்காயமும் குடைமிளகாயும் பரப்பினோம். புளி, எலுமிச்சை, தக்காளி மாதிரி புளிப்பும், உப்பும் சூட்டில் அலுமினியத்தைக் கரைத்து சாப்பாட்டில் சேர்க்கும் என்பதால் ஃபாயிலுக்கும் மீனுக்கும் நடுவே வாழையிலை வைத்தேன் (சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவின் இந்தியக் கடைகளில் உறையவைத்த இலை கிடைக்கிறது). எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழிந்துகொண்டால் போதும். ஃபாயில் தடிமனானதாக இருக்கட்டும், பளபளப்புப் பக்கம் உள்ளேயா வெளியேயா என்பதில் ஒன்றுமில்லை. ஓரங்களை இரண்டு மடிப்பு மடித்து இறுக்கிவிட்டு, மேலே மட்டும் ஆவி நிற்க இடம் விட வேண்டும்.

கொழுந்துவிட்டு எரியும்போது வைக்கவே கூடாது, அடி கருகும், நடு பச்சையாக இருக்கும். கட்டை எரிந்து வெண்சாம்பல் பூத்த தணலாகட்டும். உருளையும் சர்க்கரைவள்ளியும் மெல்லிய வில்லைகளாக நறுக்கித் தனிப் பொட்டலத்தில் முதலில் போய்விட்டன, அதற்கு அரை மணி நேரம் ஆகும். சால்மனுக்கு 12 முதல் 15 நிமிடம். சின்ன வெப்பமானி இருந்தால் மீனின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம், கோழி என்றால் 74. பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வரும் ஆவி கொதிக்கும்.

இலை வாசனையோடு மீன் பூப்போல உதிர்ந்தது. “கொழுக்கட்டை மாதிரி ஆவியிலேயே வெந்திருக்கே, குழம்பே வேண்டாம்டா” என்றார் அம்மா, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டதும் ஃபாயிலைத் தீயில் போடாதீர்கள். அலுமினியம் உருகவே 660 டிகிரி வேண்டும், முகாம் தீயில் அது எரிந்து தீராது, துண்டு துண்டாகச் சாம்பலில் கிடக்கும். சுருட்டி, கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த சர்க்கரைவள்ளியை இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். காலையில் விறகுத் தீ கிடையாது, காஸ் அடுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் கிழங்கைச் சூடாக்கி டீயோடு சாப்பிட்டுவிட்டு, மிஸ்ட் ட்ரெயில் வழியாக வெர்னல் அருவிக்கு ஏறக் கிளம்பினோம்.