கும்பாபிஷேக மலரும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும்

மலர் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தபோது என் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

கும்பகோணத்தில் பதினோரு வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் மலர் எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை. கோப்பும் வேண்டும், அந்த எழுத்துருவும் வேண்டும். எழுத்துரு போய்விட்டால் திரையில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகள் கொத்துக் கொத்தாக நிற்கும். இத்தனையும் ஒரே 500 ஜிபி டிஸ்கில் இருந்தது. பென் டிரைவில் நகல் எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மலர் வேலையைத் தொடங்கியதோ நாலு மாதத்துக்கு முன்.

அறிகுறி ஒரு வாரம் முன்பே வந்தது. கோப்பைச் சேமித்தால் மவுஸ் அரை நிமிடம் உறைந்து நிற்கும். பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், சற்று விட்டு இன்னொன்று. ஃபேனில் தூசி என்று நினைத்தேன். நகல் எடுக்க ஏற்ற நாட்கள் அவைதான். அவற்றை அப்படியே விட்டேன்.

ஒரு மாலை விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகி, டிரைவைச் சோதித்துச் சரிசெய்வதாகத் திரையில் காட்டியது. 11 சதவீதத்தில் நின்றது. சரிசெய்கிறதே, செய்யட்டும் என்று இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையிலும் 11தான். அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: பூட் ஆகும் டிஸ்க்கைப் போட்டு ஒரு கீயை அழுத்தவும்.

சர்வீஸ் கடையில் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம்க்கா, சாயங்காலம் வாங்க" என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். டிஸ்க்கை பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார் இன்னொருவர். உள்ளே ஈரம் கோத்தால் டேட்டா பதிந்திருக்கும் தட்டு என்ன ஆகும் என்று நினைத்தபோதே பயமாக இருந்தது.

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் சர்வர் வேலை பார்க்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க."

"ராத்திரி பூரா அதுவே ரிப்பேர் பண்ணிச்சேடா."

"அது ரிப்பேர் இல்லத்தை. கோப்புக் கணக்கை நேர்செய்யுறதுதான் அதோட வேலை. உங்க டேட்டாவைக் காப்பாத்தணும்னு அதுக்குத் தெரியாது. கெட்டுப்போன இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும், டிஸ்க்ல எழுதவும் செய்யும்."

பிறகு அவன் விளக்கியது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில் டேட்டாவைப் படிக்கும் முனையான ரீட் ஹெட் மிதக்கிறது. அது பழுதாகித் தட்டில் உரச ஆரம்பித்தால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்து, ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் பயாஸில் டிஸ்க்கின் பெயரே வராவிட்டால் வீட்டில் எதையும் செய்யக்கூடாது. தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றான். என் டிஸ்க்கின் பெயர் பயாஸில் வந்தது.

முதலில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தேன். அதிலும் கோளாறு இருக்கலாமாம். மாற்றம் இல்லை. 1 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். பக்கத்து ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற நிரல் வழியாக 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே என் பெட்டியை பூட் செய்தேன். பழைய டிரைவின் ஐகானைத் தொடவே கூடாது என்பது அவன் கண்டிப்பு.

டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுக்கச் சொன்னான். மேலே ஆரோக்கியம் 'பாஸ்ட்' என்றுதான் இருந்தது! "அதை நம்பாதீங்க, 5, 197, 198 மூணு வரியையும் படிங்க" என்றான். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள், அதில் 1,216. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, அதில் 344. ஓடிய நேரம் 31 ஆயிரம் மணிக்குமேல். கடை திறந்திருந்த நேரம் அத்தனையும் அந்த எண்ணில் இருந்தது.

அடுத்து, பழுதான டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு நகல் எடுக்கும் நிரலான டிடிரெஸ்க்யூ. சாதாரண காப்பி கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டி நிற்கும். இது அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கடைசியில் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். இந்தக் கோப்பை இன்னொரு பென் டிரைவில் வைக்கச் சொன்னான். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் நினைவு, அணைத்தால் அழிந்துவிடும்.

என்டர் தட்டும் முன் என் கை நடுங்கியது. எது பழையது, எது புதியது என்று மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் என் பதினோரு வருடத்தின் மேல் எழுதப்படும். இரண்டு டிஸ்கின் ஸ்டிக்கரிலும் இருந்த சீரியல் நம்பரைத் தாளில் எழுதி, திரையில் வந்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். அளவையும் பார்த்தேன்: 500 ஜிபி பழையது திரையில் 465.8 என்றும், 1 டிபி புதியது 931.5 என்றும் வந்தது. போனில் அவனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகே தட்டினேன்.

நொடிக்கு 90 எம்பி வேகத்தில் போனது. ஒரு மணி நேரம் கழித்துச் சத்தம் மாறியது, வேகம் பூஜ்யம். மறுபடி 60. மறுபடி பூஜ்யம். சாப்பிடப் போக மனம் வரவில்லை. ஏழரை மணிக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி எப்போதோ போய்விட்டது. இருட்டில் டிஸ்க் சுற்றி அடங்கும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மறுபடி பூட் செய்து அதே கட்டளையைக் கொடுத்ததும், மேப் கோப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் மதியம் 99.99 சதவீதம். கைக்கு வராதது 41 எம்பி. பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி டிராயரில் வைத்தேன்.

அந்த 41 எம்பி எந்தக் கோப்புகளில் விழுந்தது? அதைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி இருக்கிறது. நகலில் உள்ள ஓட்டைகளை மட்டும் நாம் சொல்லும் ஒரு வார்த்தையால் நிரப்ப டிடிரெஸ்க்யூவுக்குத் தெரியும். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு வார்த்தையைக் கொடுத்தோம். பிறகு அது எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினோம். பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள்; அதனால்தான் பூட் ஆகவில்லை. அதைச் சீராக்க மெனக்கெடாமல் புது எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். எழுத்துரு ஃபோல்டர் முழுசாக இருந்தது. என் வேலையில் அடிபட்டவை ஆறு. ஐந்து, பழைய பத்திரிகைகள். ஆறாவது, மலரில் 112 முதல் 127 வரையான பக்கங்கள்: தல வரலாறு.

அதன் மெய்ப்புத் தாள் கடையில் இருந்தது. மெய்ப்புப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சிவப்பு மையில் ஒற்று மிகும் இடங்களைச் சுழித்திருந்தார். அதைப் பக்கத்தில் வைத்துப் பதினாறு பக்கத்தையும் இரண்டு இரவில் மறுபடி அடித்தேன். புதுத் தாளை ஐயாவிடம் கொடுத்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "முதல் தடவையைவிடப் பிழை குறைச்சலா இருக்கும்மா" என்று இரண்டே இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போனது.