ஐயா துப்பாக்கியில் இறுகிப்போன மரை

தேவகோட்டைப் பக்கம் எங்களுக்குக் கடலைக் கொல்லை உண்டு. ஐயா (தாத்தா) காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் வாங்கிய, குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி இப்போது அப்பா பெயரில் இருக்கிறது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது குழலைக் கழுவாமல் கொடுத்துவிட்டோம். மருந்து எரிந்த கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். திரும்பி வந்தபோது, குழலின் பின்பக்கம் மருந்துக்குத் தீப்பொறி போகும் சிறு குழாயான நிப்பிளின் துளையில் ஊதினால் காற்றே போகவில்லை.

மதுரையில் உரிமத்தோடு துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவரிடம் அப்பாவும் நானும் போனோம்.

"உள்ள மருந்து இருக்கா தம்பி?"

"இல்லங்கய்யா."

அவர் என் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. இடிகம்பியைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் நகம் வைத்துப் பிடித்து, வெளியே எடுத்துக் குழல்மேல் நீட்டி வைத்தார். நுனி நிப்பிளுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கெட்டித்த துப்பாக்கியைத்தான் இத்தனை நாள் ஊர் ஊராகத் தூக்கி அலைந்திருக்கிறோம்.

குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். மருந்திலுள்ள வெடியுப்பு நீரில் கரைந்துவிடும். மறுநாள் திருகுமுனைக் கம்பியால் தக்கையையும் ரவையையும் எடுத்து, நனைந்த மருந்தைச் சுரண்டி, மறுபடி அளந்து பார்த்தார். குழல் காலி என்று உறுதியான பிறகுதான் பின்வாயை அடைத்திருக்கும் பிரீச் பிளக் பக்கம் போனார்.

அதன் மரை துருவில் இறுகிக் கிடந்தது. நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியாகவும் குழல் வாய் வழியாகவும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் வைத்தார். அப்புறம் குழலுக்கும் பிளக்குக்கும் குறுக்கே உளியால் மெல்லிய கோடு ஒன்று போட்டார். பின்பக்கத்தை ஒட்டி மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்தார். நடுவில் பிடித்தால் குழல் முறுக்கிக்கொள்ளுமாம். பைப் ரிஞ்ச் வேண்டாம், விளிம்பைத் தின்றுவிடும் என்று அளவுக்கு வெட்டிய சாவியை மாட்டினார். முதல் இழுப்புக்கு அசையவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, மரை இருக்கும் இடத்தில் குழலை மட்டும் இதமாகச் சூடாக்கி, சுத்தியலால் லேசாகத் தட்டி மறுபடி இழுத்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். கோடு ஒரு நூல் விலகியிருந்தது! அதன்பின் மெல்ல மெல்லச் சுற்றி வெளியே வந்தது. மரையில் கரியும் துருவும் களிமண்ணாக அப்பியிருந்தன. நல்லவேளையாக மரை தேயவில்லை.

வெந்நீரில் கழுவி, உலர்த்தி, மரையில் கிரீஸ் தடவித் திரும்ப முடுக்கினார். கோடும் கோடும் நேராகச் சேர்ந்த பிறகுதான் வைஸைத் தளர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இடிகம்பியைக் காலிக் குழலில் விட்டு, வாய் விளிம்புக்கு நேராக அரத்தால் ஒரு கோடு போட்டு வைத்தார்.