ஆய்வுக் கட்டுரையில் ‘கண்டோம்’ என்று எப்போது எழுதலாம்?

2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் புதிய துகள் ஒன்றைப் பற்றி அறிவித்ததும், ‘கடவுள் துகள் சிக்கியது’ என்று செய்திகள் பறந்தன. அங்கே ஆய்வு செய்த அட்லஸ் குழு வெளியிட்ட கட்டுரையின் தலைப்போ ‘ஒரு புதிய துகள்’ தென்பட்டது என்பதோடு நின்றது. ‘கடவுள் துகள்’ எனப்பட்ட ஹிக்ஸின் பெயர் தலைப்பில் உண்டு, தேடப்பட்ட பொருளாக மட்டும். அந்தத் துகளின் சுழற்சி போன்ற பண்புகளை அப்போது முழுதாகச் சோதித்திருக்கவில்லை.

துகள் இயற்பியலில் வினைச்சொல்லுக்கு விலை கட்டிவைத்திருக்கிறார்கள். சிக்மா என்பது வழக்கமான தற்செயல் ஏற்றிறக்கத்தின் அலகு; கண்ட அளவு அதைப்போல் எத்தனை மடங்கு விலகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 3 சிக்மா என்றால் ‘சான்று இருக்கிறது’. 5 சிக்மா எட்டினால்தான் ‘கண்டோம்’. புதிய துகளே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு பெரிய மேடு வரைபடத்தில் எழ ஏறத்தாழ 35 லட்சத்தில் 1 வாய்ப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். ‘ஹிக்ஸ் பொய்யாக இருக்க 35 லட்சத்தில் 1 வாய்ப்பு’ என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு கணக்கு.

சிக்மா தற்செயலை அளக்கும், கழன்ற கம்பியை அளக்காது. 2011இல் ஓபெரா என்ற ஆய்வுக் குழு அளந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட சுமார் 60 நானோநொடி முந்தி வந்தன, 6 சிக்மா உறுதியோடு. ஆனாலும் ‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்று அவர்கள் எழுதவில்லை. அளவைச் சொன்னார்கள், இன்னும் பிடிபடாத பிழை இருக்கக்கூடும் என்றார்கள், கோட்பாட்டு விளக்கம் எதையும் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பிறகு ஒளியிழை இணைப்பு ஒன்று சரியாகப் பொருந்தாமல் நேரக்கணக்கைக் கெடுத்தது தெரியவந்தது.

மருத்துவத்தில் எவ்வளவு உறுதியாக எழுதலாம் என்ற வரம்பை ஆய்வின் வடிவமே வகுத்துவிடும். காபி குடிப்பவர்களைக் கவனித்து மட்டும் வந்திருந்தால் ‘நோயோடு தொடர்பு காணப்படுகிறது’ வரை போகலாம். ‘காபி நோயைக் குறைத்தது’ என்று எழுத, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்திருக்க வேண்டும். முடிவுப் பகுதியில் அடக்கமாக இருந்துவிட்டுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கத்தில் ‘குறைக்கிறது’ என்று வாய்தவறுவது அடிக்கடி நடக்கும் விபத்து. பலரும் படிப்பது சுருக்கத்தை மட்டும்தான்.

கணிதத்தில் இந்தத் தொல்லை இல்லை: ‘நிறுவுகிறோம்’, இல்லையேல் ‘ஊகம்’.

தமிழ் ஆய்வேடுகளில் ‘எனலாம்’ படும் பாடு தனி. கல்வெட்டில் ஆண்டே பொறித்திருக்கும், அதற்கும் ‘எனலாம்’; ஒற்றைப் பானையோட்டை வைத்து ஊகித்ததற்கு ‘ஐயமின்றித் தெளிவாகிறது’. வரைவு முடிந்ததும் வாக்கிய முடிவுகளை மட்டும் தனியே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ‘எனலாம்’ பக்கத்திலும் எந்தச் சான்றில் ஐயம் என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க எதுவும் இல்லையென்றால் ‘ஆகும்’ போதும்.