தம்பியின் செல்போனும் சித்தப்பாவின் திண்ணையும்

தம்பிக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்ன பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சிக்குக் காரணம் செல்போன். "ராத்திரி முழுக்க கேம் ஆடினா மூளை என்னத்துக்கு ஆகும்?" என்பார்கள். இன்னொரு கட்சிக்குக் காரணம் எங்கள் சித்தப்பா. நாற்பது வயதுக்கு மேல் யாரோடும் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தவர் அவர். "அந்த ரத்தம்தானே இவனுக்கும் ஓடுது" என்பது அத்தையின் தீர்ப்பு.

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நான் டாக்டர் இல்லை. போச்சம்பள்ளி தாலுகாவில், சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். ஆனால் பரம்பரை விஷயம் எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். அதை வைத்துத்தானே சாப்பிடுகிறோம்.

பெங்களூரா மரத்துக் குச்சியை நாட்டு மாங்கன்றில் வைத்து ஒட்டுக் கட்டினால் காய்ப்பது பெங்களூராதான். அதே மரத்தின் கொட்டையை ஊன்றினால் என்ன வரும் என்று நாங்கள் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டோம். பழம் நாராக இருக்கலாம், புளிக்கலாம், தாயைவிட நன்றாகவும் இருக்கலாம். எந்தத் தோப்பின் மகரந்தம் வந்து சேர்ந்ததோ, யார் கண்டது? அத்தை மனுஷனை ஒட்டுக்கன்று என்று நினைக்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும், மனுஷரில் ஒட்டுக்கன்று என்றால் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்கள்தான். அவர்களிலும் ஒருவருக்கு மனச்சோர்வு வந்து மற்றவருக்கு வராமலே போவது சாதாரணமாக நடக்கிறது.

இரட்டையர்களை வைத்தும் குடும்பங்களை வைத்தும் செய்த ஆய்வுகளை 2000-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு 37 சதவீதம் என்று வந்தது. என் மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்போ நூத்துல 37 பேருக்குக் குடும்பத்தால வருது, மத்தவங்களுக்குச் செல்போனால வருது, சரியா?" என்றார். சரியில்லை. ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில், மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போவது எவ்வளவு என்ற கணக்கு அது. ஒருத்தனுடைய நோயை எடுத்து வைத்து இவ்வளவு சித்தப்பா, இவ்வளவு செல்போன் என்று பாகப்பிரிவினை செய்ய அது உதவாது.

அப்புறம், 'அந்த மரபணு' என்று ஒற்றையாக எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருப்பதாகத்தான் நினைத்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் போக்குவரத்தைக் கவனிக்கும் ஒரு மரபணுவில் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என்று இரண்டு உண்டு. குட்டை உள்ளவர்கள் கஷ்ட காலத்தில் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள் என்று 2003-ல் வந்த ஆய்வு ரொம்பப் பிரபலம். 2008-ல் கொரியாவில், இணையத்தில் மூழ்கிக் கிடந்த பையன்களிடமும் அதே குட்டை வடிவம் அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள். மனச்சோர்வு, கேம் இரண்டுக்கும் ஒரே வேர் கிடைத்துவிட்டது என்று தோன்றும். 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்துப் பார்த்தபோது, இப்படிப் புகழ்பெற்ற 18 மரபணுக்களும் மனச்சோர்வு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட ஒன்றும் விசேஷமில்லை என்று தெரிந்தது. 2025-ல் வெளியான பெரிய ஆய்வில் மனச்சோர்வோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதி முழுக்க ஏறக்குறைய 700 வந்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. சித்தப்பாவிடம் இருந்தவற்றில் சில தம்பிக்கும் இருக்கலாம். எனக்கும்தான் இருக்கும்.

செல்போன் கட்சி வாட்சப்பில் ஒரு மூளைப் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. சிவப்பும் நீலமுமாக இருக்கும். அந்த மாதிரிப் படம் எப்படி வருகிறது என்றால், ஆளை ஸ்கேனுக்குள் சும்மா படுக்கச் சொல்லி, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சேர்ந்து போகும் பகுதிகள் தொடர்பில் இருப்பதாகக் கணக்கு. வேலை எதுவும் செய்யாமல் நம்மைப் பற்றியே அசைபோடும்போது உசுப்பாகிற ஒரு வலை உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களிடம் அதன் தொடர்புகள் மாறியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கேமில் கட்டுப்பாடு இழந்தவர்களிடம், நெற்றிக்குப் பின்னால் 'போதும்' என்று சொல்லும் பகுதிக்கும், பரிசு கிடைத்தால் குஷியாகும் உள்பகுதிக்கும் இடையே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இவற்றில் பல, கொரியாவிலும் சீனாவிலும் கொஞ்சம் வாலிபப் பையன்களை மட்டும் வைத்துச் செய்தவை. கேம் ஆடியதால் மூளை மாறியதா, அப்படிப்பட்ட மூளை கேமைத் தேடிப் போனதா என்று ஒருமுறை எடுத்த படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதுவும் கூட்டத்தின் சராசரிதான். தம்பியை ஸ்கேன் எடுத்துப் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது.

எங்கள் வீட்டில் எது முந்தி வந்தது என்பதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். ஓசூர் கம்பெனி வேலையை விட்டு வந்தபோது அவன் எப்போதாவது ஆடுவான், அவ்வளவுதான். முதலில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். அப்புறம் குளிப்பதை. ஆடி மாதம், ஒட்டுக் கட்டுகிற சீசன், பிளாஸ்டிக் நாடா சுற்றுவதில் அவன் கைக்கு இந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. அவன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. கேம் அதற்கப்புறம்தான் ராத்திரி முழுக்க ஆனது. பாலக்கோட்டிலும் அரூரிலும் இருக்கும் முகம் தெரியாத நாலு பையன்கள் அவனுக்காகக் காத்திருந்து "அண்ணா வந்துட்டாரு" என்பார்கள். பகலில் அவன் வந்தால் சந்தோஷப்பட ஆள் இல்லை, அல்லது இருந்தும் அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா ஒருநாள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். தம்பி சண்டைகூடப் போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அம்மாதான் பயந்துபோய்ப் போனை எடுத்துக் கொடுத்தார்.

அதற்காக கேம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. விடிய விடிய ஆடித் தூக்கம் கெட்டால் சோர்வு கூடும், சோர்வு கூடினால் மறுபடி கேம்தான்.

டாக்டர் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதில் நிற்கவில்லை. எதையெல்லாம் விட்டுவிட்டு ஆடுகிறான், நிறுத்த நினைத்தால் முடிகிறதா என்றுதான் துருவினார். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அளவுகோல் அதுதான்: கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்தும் தொடர்வது, பொதுவாக இது ஒரு வருடமாவது நீடிப்பது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். டாக்டரோ முதலில் மனச்சோர்வைப் பார்ப்போம் என்று மாத்திரை எழுதினார். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து, தினம் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும் என்றார். தம்பி கன்றுப் பைகளுக்குத் தண்ணீர் விடுவதைத் தேர்ந்தெடுத்தான். ராத்திரி இன்னும் ஆடுகிறான், முன்னைவிடச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கும் வீடுகள் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இதற்கு நடுவில் தங்கைக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போனது. வம்சத்தைப் பற்றி யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அடுத்து வந்தவர்களிடம் தம்பி மாத்திரை சாப்பிடுவதை நானே முதலில் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, தோப்பு யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்.