வெட்டுத்துணியில் பை, பத்திரிகை அட்டையில் வாழ்த்து: தையல் செய்முறைத் தேர்வுக்குப் பழகும் வழி

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வகுப்பில் சேர்ந்த கையோடு பலர் செய்யும் முதல் காரியம், பழகுவதற்கென்று புதுத்துணி எடுப்பது. காசு கொடுத்து வாங்கிய துணியாச்சே என்ற பயத்திலேயே கத்தரி கோணும். பழகுகிற கைக்கு மிச்சத்துணிதான் நல்லது. ஒரு பையைத் தைத்து முடித்தால் ஒட்டு, மடிப்பு, மூலை, பட்டை என்று அடிப்படை வேலை பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். வாழ்த்து அட்டை செய்து பழகிய கைக்கு, மதிப்பெண்ணுக்குக் காட்டும் ஆல்பத்தில் தையல் மாதிரிகளை ஒட்டுவது சுலபம். இரண்டும் விளையாட்டாகச் செய்யக்கூடிய வேலை என்பதால் அலுப்பும் தட்டாது.

பொருளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். தையல்கடை வெட்டுத்துணி, கிழிந்த ஜீன்ஸ், பழைய சாரம் (லுங்கி), வேட்டி, கல்யாண வீட்டில் வாங்கிச் சேர்ந்த தாம்பூலப் பைகள் போதும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து தாம்பூலப் பை எந்த வீட்டிலும் பத்துக்குக் குறையாது. அது மெல்லிய துணி. தனிப் பையாகப் பாரம் தாங்காது. பிரித்து, பெயர் அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பி லைனிங்காகப் போடலாம்.

எந்தத் துணியானாலும் முதலில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவேண்டும். பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே பை முறுக்கிக்கொள்ளும். எது எதென்று தெரியாவிட்டால் நாலு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

மிச்சத்துணியில் எல்லோரும் சறுக்கும் இடம், பட்டைகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுக் கணக்கு. 45 செ.மீ. அகலம் வேண்டும், ஆறு பட்டை இருக்கிறது, எனவே ஒன்று ஏழரை என்று வெட்டுவார்கள். தைத்து முடித்தால் 39 செ.மீ.தான் வரும். ஆறு பட்டைக்கு ஐந்து ஒட்டு. ஒட்டுக்கு இரண்டு பக்கமும் 6 மி.மீ. என்று 1.2 செ.மீ. போனால், மொத்தம் 6 செ.மீ. நஷ்டம். அதை முதலிலேயே கூட்டி 51 என்று வைத்து ஆறால் வகுத்தால் ஒரு பட்டை 8.5 செ.மீ. செய்முறைத் தேர்வில் இந்தக் கணக்கை மனசில் போட நேரம் இருக்காது. விரல் நுனியில் இருக்கவேண்டும்.

பைக்கு 45 × 48 செ.மீ. அளவில் இரண்டு துண்டு, கைப்பிடிக்கு 10 × 65 செ.மீ. அளவில் இரண்டு பட்டை வேண்டும். 48 உயரம். பட்டையைத் துணியின் நெடுக்கில்தான் வெட்டவேண்டும். வீரவநல்லூர்த் தறிக்காரர்கள் பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) என்பார்களே, அதில் பாவு ஓடும் திசை. கரை இருந்தால் அதை ஒட்டிய திசை. துண்டு பத்தவில்லை என்று மூலைவாட்டில் வெட்டிய கைப்பிடி, அரிசியும் தேங்காயும் ஏறியதும் இழுபட்டு முழங்காலுக்குத் தொங்கும்.

தையலுக்கு விடும் ஓரம் பக்கத்திலும் அடியிலும் மூலையிலும் ஒரே அளவு, 1.5 செ.மீ. இதில்தான் பை நேராக நிற்பதும் சாய்வதும். கீழ் மூலைகளில் 5 செ.மீ. சதுரத்தைத் துணியின் விளிம்பிலிருந்து அளந்து வெட்டிவிட்டு, பக்கத் தையலும் அடித் தையலும் போட்டபின், அந்தச் சதுர வாயைப் பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி தட்டையாக்கி, அதே 1.5 செ.மீ. உள்ளே தைத்தால் அடிப்பாகம் 10 செ.மீ. அகலம் விழும். மூலையை மட்டும் அரை செ.மீ.யில் தைத்தால் அது 8 ஆகிவிடும். ஒரு மூலை 10, மறு மூலை 8 என்றால் பை நொண்டும். சதுரத்தை விளிம்பிலிருந்து அளக்காமல் தையல்கோட்டிலிருந்து அளப்பவர்களுக்கு அடி 13 செ.மீ. ஆகி, உயரம் குறைந்துபோகும். எல்லாம் சரியாக வந்தால் முகப்பு 32, உயரம் 37.5 செ.மீ. இருக்கும். மேல் மடிப்புக்கு முதலில் 1, பிறகு 3 என்று 4 செ.மீ. போகிறது, அதையும் சேர்த்த கணக்கு இது.

மெல்லிய துணியில் பக்கத் தையலைப் பிரெஞ்சு சீமாக, அதாவது பிசிறு உள்ளே மறையும் இரட்டைத் தையலாகப் போட்டுப் பழகுங்கள். நல்ல பக்கம் வெளியே தெரிய 6 மி.மீ.யில் ஒரு தையல், பிசிறைப் பாதியாக நறுக்கி, உள்ளே திருப்பி 9 மி.மீ.யில் மறு தையல். கூட்டினால் அதே 1.5. பிசிறு நறுக்கச் சோம்பினால் இரண்டாவது தையலில் நூல் நூலாக வெளியே எட்டிப் பார்க்கும். ஆசிரியர் கண் முதலில் அங்கேதான் போகும். ஜீன்ஸில் பிரெஞ்சு சீம் வேண்டாம், மேடு தட்டும். அங்கே சாதாரணத் தையல் போட்டு, ஓரத்துக்குச் சாரத் துணியில் பட்டி கட்டுவதே அழகு.

கைப்பிடிப் பட்டையை நீளவாக்கில் நாலாக மடித்தால் 2.5 செ.மீ. வரும். இரண்டு ஓரமும் தைத்து, முனையை மேல் மடிப்புக்குள் 3 செ.மீ. நுழைத்து, பக்கத் தையலிலிருந்து 12 செ.மீ. தள்ளி வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கவேண்டும். ஒற்றைக் கோட்டில் தைத்த கைப்பிடி அந்தக் கோட்டிலேயே துணியைக் கிழித்துக்கொண்டு வரும், நூல் அறுவதற்கு முன்னாலேயே.

மிஷின் தகராறில் பாதி ஊசித் தகராறு. பாப்ளினுக்கு 14-ஆம் எண், ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஜீன்ஸில் 11 போட்டால் ஊசி வளைந்து தையல் விட்டுவிட்டு விழும். துணியின் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டால் பலரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில்: அழுத்துக்காலைத் தூக்காமல் நூல் கோத்தால், நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராது. தடித்த ஒட்டில் ஏறும்போது அழுத்துக்கால் பின்பக்கம் சாய்ந்து மிஷின் நின்றால், காலுக்குப் பின்னால் அதே உயரத்துக்கு ஒரு துணி மடிப்பை முட்டுக் கொடுத்து, மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கடக்கவேண்டும்.

பத்தமடைப் பாய்த் துண்டு கிடைத்தால் பையின் முகப்பில் வைக்க யாருக்கும் ஆசை வரும். வைக்கலாம், ஆனால் சும்மா வெட்டக்கூடாது. கோரையைப் பிடித்திருப்பது பாவு நூல். அதை அறுத்த இடத்தில் கோரை ஒவ்வொன்றாக நழுவும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு நடுவே வெட்டி, விளிம்புக்கு உடனே துணிப்பட்டி கட்டவேண்டும். தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் ஊசித்துளை வரிசையிலேயே கோரை ஒடியும். காய்ந்த கோரையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தைத்தால் வளைந்து கொடுக்கும்.

அட்டைக்கு வருவோம். பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல அட்டை கடையில் கிடைப்பது கஷ்டம். மஞ்சள் தடவிய மூலைகளை முதலில் நறுக்கிவிடலாம். பிள்ளையார், முருகன் படம் இருந்தால் வெட்ட மனசு வராது. படத்தை முழுசாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். வழவழவென்ற லாமினேஷன் மேல் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவேண்டும்.

அட்டைக்கும் துணிபோல நெடுக்கு உண்டு. இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த மடிப்புக்கோடுதான் நெடுக்கை ஒட்டியது. குறுக்கே மடித்தால் மடிப்பில் அட்டை வெடித்து வெள்ளை நார் தெரியும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 14.8 × 10.5 செ.மீ. அட்டை. மடிப்புக்கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறி, கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி மடிக்கவேண்டும். கீறல் உள்ளே போகும்படி மடிப்பதுதான் பலருக்கும் கைப்பழக்கம், மடிப்பு முறியக் காரணமும் அதுவே. உறைக்கு நாலு பக்கமும் 3 அல்லது 4 மி.மீ. கூடுதலாக விட்டால் போதும்.

துணிப் பூவை நேரே அட்டையில் ஒட்டினால் பசை துணிக்கு மேலே ஊறிக் கறை தட்டும். துணியின் பின்னால் மெல்லிய தாளை ஒட்டிக் காயவைத்து, பிறகு கரும்பு, பானை என்று வேண்டிய வடிவில் வெட்டினால் ஓரமும் பிரியாது, பொங்கல் வாழ்த்தும் சுத்தமாக இருக்கும். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் அட்டை கிண்ணம்போல வளையும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். பசையை மெல்லப் பூசி, இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு ராத்திரி வைக்கவேண்டும். மைதாப் பசை மலிவு, ஆனால் கரப்பான் தேடி வரும். அதற்காகச் சேர்க்கும் மயில்துத்தம் விஷம் என்பதால் சின்னப்பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்யும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

அட்டை மேல் கையால் பூவேலை செய்வதென்றால், மடித்த துவாலையின் மேல் அட்டையை வைத்து முதலில் துளைகளைக் குத்திவிடுங்கள், இடைவெளி 4 அல்லது 5 மி.மீ. நெருக்கினால் தபால்தலை மாதிரி கிழியும். மிஷினில் தைத்தால் பழைய ஊசி போதும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும், அதே ஊசியால் பிறகு துணி தைக்காதீர்கள். முடிவில் திருப்பிப் பின்தையல் போடாமல் நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிடவேண்டும்.

ஆல்பத்தில் மாதிரி ஒட்டும்போதும் இதே விதிகள்தான். துணியின் நாலு ஓரத்திலும் பசை தடவினால் பக்கம் அலையலையாகிவிடும், மாதிரியின் பின்பக்கமும் மறைந்துபோகும். மேல் ஓரத்தில் மட்டும், ஒரு செ.மீ. அகலத்துக்குப் பசையோ இரண்டு கைத்தையலோ போட்டுத் தொங்கவிடுங்கள். மதிப்பெண் போடுகிறவர் மாதிரியைத் தூக்கிப் பின்பக்கத் தையலைத்தான் முதலில் பார்ப்பார்.