சாங்கியிலிருந்து நியூயார்க்: கிலோமீட்டரை நம்பாதீர்கள்

மகள் நியூயார்க்கில் படிக்கப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அடிக்கடி அடிபடும் எண் 15,349. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையில் அத்தனை கிலோமீட்டர். இதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊரும் பூமியில் கிட்டத்தட்ட எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள், 15,300-ஐத் தாண்டிவிடும்.

அந்தக் கோடு சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, துருவத்துக்கு அந்தப் பக்கம் பாஃபின் தீவு, மொன்றியல் வழியாக இறங்குகிறது. ஆனால் இங்கிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. பசிபிக் பக்கம் திரும்பி, ஜப்பானுக்குக் கிழக்கே ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொள்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று அது. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் காற்று கிடைத்தால், தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் 1,050. ஐந்து மணி நேரம் அப்படிக் கிடைத்தால் 750 கிலோமீட்டர் லாபம். அதற்காகச் சுற்றிப் போவதில் அர்த்தம் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2022-இலிருந்து ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பதும் ஒரு காரணம்.

அதனால்தான் தூரத்தை 900-ஆல் வகுத்து 17 மணி நேரம் என்று சொல்ல முடியாது. அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். 2018 அக்டோபர் 11 அன்று நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நுவார்க் விமான நிலையத்துக்குக் கிளம்பிய முதல் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. காற்று நன்றாக இருந்தால் இவ்வளவு வித்தியாசம் வரும்.

அந்த விமானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சாதாரண ஏ350-900-இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், இதில் 1,65,000. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருளை எரிக்க வேண்டும் என்பதுதான் இவ்வளவு தூரம் பறப்பதில் உள்ள பெரிய கஷ்டம். 2004-இல் தொடங்கிய நுவார்க் சேவையில் நான்கு என்ஜின் ஏ340-500 பறந்தது; செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இப்போது இரண்டே என்ஜின், 161 இருக்கைகள். எகானமி கிடையாது. மாணவர்களுக்கு இதுதான் வருத்தம். மகளுக்கு நாங்கள் பிராங்க்பர்ட் வழியாகத்தான் டிக்கெட் எடுத்தோம். ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது.

நேர வித்தியாசம் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் சரியாக 12 மணி நேரம், முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 13. அவள் காலை எட்டு மணிக்கு வகுப்புக்குக் கிளம்பும்போது நமக்கு இரவு ஒன்பது. அப்போதுதான் பேசுவோம்.

டிசம்பரில் என் மனைவி போகிறார். முழங்கால் வலி இருப்பதால் நடுவில் இறங்கி, நடந்து, மறுபடி வரிசையில் நிற்பது அவருக்கு முடியாது. காசு போனாலும் பரவாயில்லை, நேரடி விமானம்தான் என்று முடிவு செய்துவிட்டோம். நடக்கும் பாதைப் பக்கத்து இருக்கையாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.